சத்தியத்தை நம்பியவர்கள்

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டினால் ரஞ்சன்குடிக் கோட்டை. சுற்றிலும் அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், கீழே பேட்டை, மேலே கோட்டை மேடு. 1751இல் இதையொட்டி நடந்த வாலிகண்டபுரம் போரைச் சொல்பவர்கள் மூன்று ஆண்களின் பெயர்களைச் சொல்வார்கள்: பிரெஞ்சுத் துணையோடு வந்த சந்தா சாகிப், ஆங்கிலேயர் தாங்கிப்பிடித்த முகமது அலி, தோற்று ஓடிய கும்பினிப் படையோடு இருந்த ராபர்ட் கிளைவ். அவர்கள் மோதிக்கொண்டதன் மையத்தில் இருந்தது திருச்சி. அந்தத் திருச்சியை முன்பு ஆண்ட பெண்ணின் பெயரை யாரும் இங்கே சொல்வதில்லை.

1732இல் கணவர் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் இறந்தபின் அரசேற்றவர் ராணி மீனாட்சி. உறவினரான பங்காரு திருமலை அரியணைக்கு உரிமை கோரினார். மீனாட்சி, ஆற்காட்டு நவாபின் மருமகனான சந்தா சாகிப்பின் துணையை நாடினார். குர்ஆன்மேல் சத்தியம் செய்து கோட்டைக்குள் வந்த சந்தா சாகிப் அவரையே சிறைவைத்தார். குர்ஆன் என்று காட்டியது துணி சுற்றிய செங்கல் என்பது வழிவழிக் கதை. மீனாட்சி நஞ்சுண்டு மாண்டார். அவரோடு நாயக்கர் ஆட்சியும் முடிந்தது.

அதே காலத்தில், 1740இல், வியன்னாவில் மரியா தெரசா அரசேற்றார். அவருடைய வாரிசுரிமையை ஏற்பதாக முன்பு ஒப்புக்கொண்ட அரசுகளே அவர்மேல் படையெடுத்தன. அந்தப் போரின் நீட்சியாகத்தான் 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கர்நாடகப் போர்கள் அப்படித் தொடங்கின. மரியா தெரசாவுக்குக் கொடுத்த வாக்கை மீறியவர்களை வரலாறு ராஜதந்திரிகள் என்கிறது. மீனாட்சியையோ ஏமாளி என்கிறது. சந்தா சாகிப்மேல் மையல் கொண்டு மதியிழந்தார் என்றுகூடச் சொல்கிறது.

ரஞ்சன்குடியில் வென்ற சந்தா சாகிப் மறு ஆண்டே திருவரங்கத்தில் சிக்கிக்கொண்டார். உயிருக்கு உத்தரவாதம் தருவதாகத் தஞ்சைத் தளபதி மானோஜி செய்த சத்தியத்தை நம்பிச் சரணடைந்தார். 1752 ஜூனில் அவருடைய தலை துண்டிக்கப்பட்டது.

இருவரும் நம்பியது ஒரு சத்தியத்தைத்தான். ஆனால் அவர் ஏமாந்ததற்கு எவரும் ஆண்புத்தியைக் காரணம் சொல்லவில்லை. மையல் கொண்டார் என்று கதை கட்டவில்லை. போரில் தோற்றார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரி நியாயத்தை மீனாட்சிக்கும் தரலாம்: அவர் ஆண்டார், கூட்டணி வைத்தார், கூட்டாளி துரோகம் செய்தார்.