வேதநாயகம் பிள்ளையின் சட்டத் தமிழ்ப் பணி

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை (1826–1889) முதற்புதின ஆசிரியர் என்றே தமிழுலகம் போற்றி வருகின்றது. அவர் வகித்த முனிசீப் பதவியோ, பிழைப்பிற்கு அமைந்த தொழில் என்ற அளவில் ஒதுக்கப்படுகின்றது. அத்தொழிலே அவர்தம் உரைநடை முயற்சிக்கு வித்தாயிற்று எனக் கொள்ள இடமுண்டு.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரிற் பிறந்த அவர், திருச்சி மாவட்ட நீதிமன்றத்தில் முதலில் ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். 1857-இல் தரங்கம்பாடியில் முனிசீப் ஆனார். பின்னர்ச் சீகாழியிலும் மாயூரத்திலும் அப்பதவியில் விளங்கினார். ஆங்கிலம் ஆண்ட மன்றத்திற்கும் தமிழன்றிப் பிறிதறியா வழக்காளிக்கும் இடையே நின்ற வாழ்வு அவருடையது.

அக்காலத்தில் மேல்முறையீடுகளை முடிவு செய்தது சென்னைச் சதர் நீதிமன்றம். கீழ்மன்றங்களுக்கு வழிகாட்டிய அதன் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. தன் நிலம் எவ்விதியால் தன்னைவிட்டு நீங்கிற்று என்பதை உழவன் தானே படித்தறிய வழியில்லை. இக்குறையை நீக்கவே, 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரால் அவர் வெளியிட்டார். ஈண்டுச் சித்தாந்தம் என்பது சமயக் கொள்கையன்று. ஆய்ந்து துணிந்த முடிபு. சங்கிரகம் சுருக்கமாகும். 1862-இல் உயர்நீதிமன்றம் தோன்றச் சதர் நீதிமன்றம் மறைந்தது; அதன் முடிபுகள் தமிழிலும் நிலைபெற்றன.

வழக்கறிவுடையார் ஒருவர் மன்றத்தின் முடிபைப் பொதுமக்கட்கு எடுத்துரைப்பதை இன்று சட்ட இதழியல் என்கிறோம். வேதநாயகர் வழக்கறிஞரும் அல்லர். இதழ் நடத்தியவரும் அல்லர். எனினும், அப்பணியின் உயிர்நிலையான செயலை அவர் முன்னரே செய்துவிட்டார்.

இந்நோக்கு அவர்தம் பிற்காலப் படைப்பிலும் தொடர்கின்றது. 1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில், தமிழ்நாட்டு மன்றங்களில் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதிடுவது கண்டிக்கப்படுகின்றது. வாதி, பிரதிவாதி இருவருக்கும் விளங்காத வாதத்தால் நீதியே மறைவுறும் என்பது அவர் உள்ளக் கிடக்கை. அறிவுறுத்தலைக் கதைக்கு இடையூறெனக் குறைகூறுவோர், அது நெடுங்கால மன்ற அனுபவத்தின் குரல் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இந்திய அரசமைப்பின் 348-ஆம் உறுப்பு, பாராளுமன்றம் வேறு வகை செய்யும் வரை உயர்நீதிமன்றங்களின் நடவடிக்கை ஆங்கிலத்திலேயே நிகழ வேண்டும் என்கின்றது. ஆகலின் வேதநாயகர் எழுப்பிய வினா முடிந்துபோன வரலாறு அன்று. தமிழ் உரைநடையின் வளர்ச்சியை ஆராய்வோர் புதினத்தோடு சித்தாந்த சங்கிரகத்தையும் ஒருங்குவைத்துக் கற்பாராயின், தீர்ப்பின் தமிழிலிருந்து கதையின் தமிழ் கிளைத்த நெறி புலப்படக்கூடும்.