இரவல் சிறகுகள்: ஏர் சிலோனின் வரலாறு

ஒரு நாட்டுக்குக் கொடி வேண்டும்; நாணயம் வேண்டும்; அஞ்சல் தலை வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதுவே சொந்த விமான நிறுவனம். பெரிய நாடுகளுக்கு அது வாணிபம். சிறிய நாடுகளுக்கோ வாணிபத்தோடு தன்மானமும் ஆகும். அத்தன்மானத்தைப் பேணுவதற்கு ஆகும் விலை எவ்வளவு என்பதை, நமக்கு அண்டை நாடான இலங்கையின் ஏர் சிலோன் வரலாறு நன்கு உணர்த்துகின்றது.

1947 டிசம்பர் 10-ஆம் நாள் ரத்மலானையிலிருந்து டக்ளஸ் டி.சி. 3 விமானம் ஒன்று புறப்பட்டு, யாழ்ப்பாணத்துப் பலாலியில் தங்கிச் சென்னை வந்து இறங்கிற்று. ஏர் சிலோனின் முதற் பயணம் அதுவே. இலங்கை விடுதலை பெற்றது 1948 பிப்ரவரி 4-இல். நாட்டின் விடுதலைக்கு ஏறத்தாழ இரு திங்கள் முன்னரே அதன் விமான நிறுவனம் பிறந்துவிட்டது! அப்போது போக்குவரத்து அமைச்சராயிருந்த ஜான் கொத்தலாவலை இம்முயற்சிக்கு முன்னின்றார். முதலில் இருந்த மூன்று விமானங்களுக்கும் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி எனப் பெயரிட்டனர். முதலாமவர் இதிகாச நாயகி. ஏனைய இருவரும் துட்டகைமுனு, ஆறாம் பராக்கிரமபாகு ஆகிய மன்னர்களின் அன்னையர்.

அருகிலுள்ள ஊர்களுக்குப் பறக்க இம்மூன்றும் போதும். ஆனால், இலண்டனுக்கும் சிட்னிக்கும் பறப்பது எங்ஙனம்? இங்கே ஓர் அடிப்படையை நாம் அறிதல் வேண்டும். 1944-இல் சிகாகோவில் உருவான உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்வெளியின் மீது முழு இறைமை உண்டென வரையறுத்தது. ஒரு நாட்டின் இசைவின்றி அங்கு எவரும் பயணிகள் சேவை நடத்தவியலாது. ஆகவே, சிறிய நாடாயினும் அதன் கையில் பறக்கும் உரிமை என்னும் செல்வம் இருந்தது. ஆனால் நெடுந்தூர விமானங்களும், உதிரிப் பாகங்களும், தேர்ந்த விமானிகளும், உலக நகரங்களில் பயணச்சீட்டு விற்கும் அலுவலகங்களும் பெரிய நிறுவனங்களிடமே இருந்தன. உரிமை ஒருவரிடம், கருவி மற்றொருவரிடம்! இவ்விரண்டும் இணைந்ததே ஏர் சிலோனின் கூட்டுவாழ்க்கை.

1949-இல் ஆஸ்திரேலியன் நேஷனல் ஏர்வேஸ் நிறுவனம் 49 விழுக்காட்டுப் பங்குடன் கைகோத்தது. டி.சி. 4 விமானங்கள் இலங்கையின் பெயரோடு இலண்டனையும் சிட்னியையும் எட்டின. அக்கூட்டு 1950-களின் முற்பகுதியிலேயே முறிய, நெடுந்தூரச் சேவையும் நின்றது. பின்னர் டச்சு நாட்டின் கே.எல்.எம். வந்தது; கான்ஸ்டலேஷன் விமானம் பறந்தது. 1962-இல் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. வந்தது; காமெட்டும், அதன்பின் வி.சி. 10-உம் பறந்தன. 1972-இல் பிரான்சின் யூ.டி.ஏ. வந்தது, டி.சி. 8 பறந்தது. கூட்டாளி மாறுந்தோறும் விமானமும் மாறிற்று, நடைமுறைகளும் மாறின. நிலைத்து நின்றது பெயர் ஒன்றே.

இதற்கு மாறாக, ரத்மலானைக்கும் பலாலிக்கும் தமிழகத்துக்கும் இடைப்பட்ட குறுந்தூரச் சேவையை ஏர் சிலோன் தன் சொந்த விமானங்களைக் கொண்டே நடத்திற்று. 1964-இல் ஆவ்ரோ 748 விமானம் வந்து அதற்கு வலுவூட்டிற்று. உறவினரைக் காணச் செல்வோரும் வணிகரும் கடலைச் சிறுபொழுதிற் கடந்தனர். நிறுவனத்தின் வேர் இங்கேதான் இருந்தது என்பது நம் கருத்து. ஆயினும் பெருமை நெடுந்தூரத்திலன்றோ இருந்தது! 1969-இல் டிரைடன்ட் ஜெட் விமானம் ஒன்றை வாங்கினர். ஒரேயொரு விமானத்தை வைத்து அட்டவணை வகுப்பதன் இடர் சொல்லாமலே விளங்கும்: அது பழுதுபார்க்க நின்றால் பயணங்களும் நிற்கும். ஒன்றாயினும் பத்தாயினும், உதிரிப் பாகக் கிடங்கும் பொறியாளரும் பயிற்சியும் வேண்டியனவே. அச்செலவைப் பத்து விமானங்கள் பகிர்ந்து சுமக்கும், ஒன்று சுமக்கமாட்டாது.

நட்டம் பெருகியது. 1978 செப்டம்பர் 7 அன்று, நாட்டின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அதே நாளில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய ஆவ்ரோ விமானம் ரத்மலானையில் குண்டுவெடித்து அழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. எனினும் மக்களை இணைத்து வந்த வழியின் மீதே இனப்பகையின் நிழல் விழுந்துவிட்டது. மறு ஆண்டு ஏர் சிலோனின் இடத்தை ஏர் லங்கா ஏற்றது. 1979 செப்டம்பர் 1-இல் அது பறக்கத் தொடங்கியதும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் குத்தகைக்குப் பெற்ற இரு போயிங் 707 விமானங்களைக் கொண்டேயாம். 1998-இல் எமிரேட்ஸ் நிறுவனம் அதிற் பங்கு கொண்டது. ஸ்ரீலங்கன் எனப் பெயரும் மாறிற்று. 2008-இல் எமிரேட்ஸ் நிர்வாகத்தினின்று விலகிற்று. பழைய கதையின் மறுபதிப்பே இது.

விமானத்தை அரபு மொழியில் 'தாயிரா' என்பர். பறவையைக் குறிக்கும் 'தைர்' என்னும் சொல்லும் அதே வேரிற் பிறந்தது. பறவைக்குச் சிறகு தன் உடலில் முளைத்தது. அது தன் சிறகின் வலிமையறிந்தே தொலைவு செல்லும். பிறரோடு கூட்டுச் சேர்வது தவறன்று. சிறியோர் வாழ வேறு வழியும் அரிது. ஆனால் கூட்டின் காலத்தில் தொழிலைக் கற்றுத் தனதாக்கிக்கொள்ளாதவன், கூட்டாளி அகன்றதும் தொடக்கத்திலேயே நிற்பான்.

2019-இல் பலாலி நிலையம் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பெற்று, சென்னையிலிருந்து மீண்டும் விமானம் வந்திறங்கிற்று. வந்தது இந்திய நிறுவனத்தின் சிறு விமானம். 72 ஆண்டுகளுக்கு முன் சீதாதேவி பறந்த வழி, போரையும் பகையையும் கடந்து மக்களுக்கு இன்னும் தேவைப்படுகின்றது. பெருமைக்காக வகுத்த வழிகள் பல மறைந்தன. தேவை வகுத்த வழி மறையவில்லை.