கதையாட்டம்: தழுவல் களத்தில் முதல் தொடர்

கதையாட்டம் என்பது நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேச்சாலும் பகடையாலும் கதை நடத்தும் விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். ஊர், பகைவர், மழை, இருட்டு என்று மீதி உலகம் முழுவதும் கேம் மாஸ்டரின் பொறுப்பு. அதே பாத்திரங்களுடன் பல அமர்வுகள் நீளும் ஆட்டம் ‘கேம்பெய்ன்’, அதாவது தொடர். வரலாற்றையோ நாட்டார் கதையையோ எடுத்து, மாயம் கலந்து ஆட்டத்துக்கு ஏற்ப மாற்றிய உலகம் தழுவல் களம்.

தோற்றம்

1971 வாக்கில் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவ் ஆர்னெசன், பொம்மைப் படைகளை நகர்த்தும் போர் விளையாட்டில் ஒரு மாற்றம் செய்தார். படைக்குப் பதில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு ஆளைக் கொடுத்து, ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை நாட்டில் உலவ விட்டார். அவரும் விஸ்கான்சினைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974 ஜனவரியில் வெளிவந்தது. முதல் அச்சு 1,000 படிகள்.

இந்தியா மேசைக்கு வந்த விதம்

அந்த விளையாட்டுக்காக 1977இல் வந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலில் ராட்சசன் புலித்தலையோடு சுங்கான் புகைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். 1980இல் வந்த ‘டீட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ இந்திரன் முதலான தெய்வங்களுக்கும், எந்த அரக்கனுக்கும் தருவதுபோல, அடி வாங்க வாங்கக் குறையும் உயிர்ப்புள்ளி எண்களைத் தந்தது. பெயர்கள் மட்டும்தான் இந்தியாவிலிருந்து போயின. ஊரும் உறவும் சண்டைக்கான காரணமும் கூடப் போகவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் அஜித் ஜார்ஜ். அவருடைய தந்தை ஆபிரகாம் ஜார்ஜ் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக 2021இல் வந்த ராவன்லாஃப்ட் நூலில் அஜித் ‘கலாகேரி’ என்ற நாட்டை எழுதினார். அரியணையில் ஒரு மகாராணி. அதைப் பறிக்கத் துடிக்கும் உடன்பிறப்புகள் இருவர். எந்தப் பக்கம் நின்றாலும் விலை கொடுக்க வேண்டியிருப்பதால் ஆட்டக்காரர்கள் வாய் திறந்தே ஆக வேண்டும். அடுத்த ஆண்டு அவர் முன்னின்று உருவாக்கிய ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்’ தொகுப்பில், கொல்கத்தாவைச் சேர்ந்த மிமி மண்டல் வங்கத்தின் சாயலில் சங்கபூமி என்ற ஆற்று நாட்டைப் படைத்தார்.

நெய்யாற்றின்கரை என்னும் களம்

ஊரையும் உறவையும் கதைக்குள் கொண்டுவரும் இந்த முறைக்கு முழுமையாகப் பொருந்தும் மண் குன்னத்துகால், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரம். 1956 நவம்பர் 1இல் மாநில எல்லைகள் மாறியபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கதைகளுக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. நாட்டார் பாடல்களில் வரும் இரவிக்குட்டிப் பிள்ளையின் போரும் யட்சி நீலியின் பழியும் இரு பக்கத்துக்கும் சொந்தம்.

இவற்றில் முதல் தொடருக்கு ஏற்றது மார்த்தாண்டவர்மாவின் தலைமறைவு. 1729இல் திருவிதாங்கூர் அரசராகும் முன், அவரை எதிர்த்த பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்களுக்குத் தப்பி ஓடிய இளவரசர் நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்தார் என்றும், வழிகாட்டியது ஒரு சிறுவன் என்றும் ஊர் சொல்கிறது. அந்த ‘அம்மச்சிப் பிலாவு’ கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் இருக்கிறது. சி. வி. ராமன் பிள்ளை இந்தக் காலத்தை வைத்து எழுதிய ‘மார்த்தாண்டவர்மா’ நாவல் 1891இல் வெளிவந்தது.

நாவலுக்கும் ஆட்டத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நாவலில் இளவரசர் பிழைத்தாக வேண்டும். மேசையில் அந்த உறுதி இல்லை. வரலாற்றின் பகையையும் உறவையும் அப்படியே எடுத்துக்கொண்டு, முடிவை மட்டும் ஆட்டக்காரர்கள் கையில் விட்டுவிடுவதே நல்ல தழுவல். முடிவைக் காப்பாற்ற நினைக்கும் மாஸ்டர், எதிரில் இருப்பவர்களைக் கதை கேட்க வந்தவர்களாக மாற்றிவிடுகிறார்.

முதல் தொடரை நடத்துதல்

புதிதாக வரும் மாஸ்டர்கள் பலர் நாடு முழுவதற்கும் வரைபடமும் வம்சாவளியும் எழுதிக் களைத்துப் போகிறார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 2014இல் வந்த ‘ஸ்டார்ட்டர் செட்’ அவர்களுக்கு நல்ல பாடம். அதிலுள்ள கதை, சரக்கு வண்டி ஒன்றைச் சிறிய ஊருக்குக் கொண்டுசேர்க்கும் வேலையில் தொடங்கி, பாத்திரங்களை 5ஆம் படிநிலை வரை கொண்டுபோகிறது. நம் களத்தில் அது கோட்டாறு சந்தையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் உப்பு வண்டியாகலாம். பாத்திரங்கள் களரி பயின்ற இளைஞன், மருத்துவச்சி, வில்லுப்பாட்டு அண்ணாவி, வண்டிக்காரர் என்று இருக்கட்டும். இளவரசர் வேடம் யாருக்கும் வேண்டாம். வழியில் மறைவிடம் கேட்டு ஓடிவரும் அந்நியர் யார் என்பது அவர்களுக்குத் தெரியாமலே இருக்கலாம்.

துரத்தி வந்தவர்கள் வண்டியை நிறுத்துகிறார்கள். அண்ணாவி பொய் சொல்லிச் சமாளிக்கப் பார்க்கிறார். நடுத்தரக் கடினமான செயலுக்கு இலக்கு 15. இருபது முகப் பகடையில் 11 விழுகிறது. பேச்சுத் திறனுக்கு 3 கூட்டினால் 14. தோல்விதான், ஆனால் கதை அங்கே முட்டி நிற்கக் கூடாது. துரத்தி வந்தவர்கள் நம்பியதுபோல் விலகி, ஓர் ஆளைப் பின்தொடர அனுப்பினால் அடுத்த அமர்வு தானாகப் பிறக்கும். மாஸ்டர் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டியவை மூன்றுதான்: யாருக்கு என்ன வேண்டும், கிடைக்காவிட்டால் என்ன செய்வார், எப்போது செய்வார்.

காக்க வேண்டிய எல்லை

நீலி கதையோடு பிணைந்த இசக்கியம்மன் இன்றும் முப்பந்தலில் வழிபடப்படும் தெய்வம். வழிபாட்டில் இருக்கும் பெயருக்கு உயிர்ப்புள்ளி கொடுத்து வெட்டி வீழ்த்தும்படி வைப்பது 1980 நூலின் தவற்றைத் திரும்பச் செய்வது. கதையில் வரும் காட்டுக்கும் யட்சிக்கும் புதுப்பெயர் வைக்கலாம். சாதிக் கொடுமை, பெண் மீதான வன்முறை ஆகியவை இக்கதைகளில் ஊறியிருப்பதால், எவற்றைத் தொடுவது, எவற்றை விடுவது என்று ஆட்டத்துக்கு முன்பே ஒரு நாள் கூடிப் பேசிக்கொள்வது அவசியம். பல குழுக்கள் மேசை நடுவில் ‘எக்ஸ் கார்டு’ வைக்கின்றன. யாராவது அதைத் தொட்டால், காரணம் கேட்காமல் காட்சி மாறும்.

உரிமை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் சுமார் 400 பக்க ஆவணமாக 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டன. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். அவற்றைத் தமிழில் பெயர்க்கலாம், நெய்யாற்றின்கரைக் களத்தோடு சேர்த்து அச்சிடலாம், விற்கவும் செய்யலாம்.