எலினோர் ராத்போன்

எலினோர் ராத்போன் (12 மே 1872 – 2 ஜனவரி 1946) பிரிட்டனின் சமூக சீர்திருத்தவாதி, பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர். 1929இல் காமன்ஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இறக்கும்வரை சுயேச்சை உறுப்பினராகவே இருந்தார். குழந்தைகளுக்கான குடும்ப உதவித்தொகை, பள்ளி உணவு, கென்யப் பெண்களின் நிலை, இந்தியப் பெண்களின் வாக்குரிமை, ஸ்பானிய உள்நாட்டுப் போர், நாஜிகளிடமிருந்து தப்பிய அகதிகள் எனப் பல துறைகளில் அவர் சபையில் வாதாடினார். இவற்றை இணைப்பது ஒன்றே: அவர் யாருக்காகப் பேசினாரோ, அவர்களில் பெரும்பாலோர் அவருக்கு வாக்களிக்க முடியாதவர்கள்.

பின்னணி

லிவர்பூலின் செல்வாக்குமிக்க வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தை வில்லியம் ராத்போன் லிபரல் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர். ஏழைகளின் வீடுகளுக்கே செவிலியரை அனுப்பும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். எலினோர் 1893 முதல் 1896 வரை ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரியில் பயின்றார். அக்காலத்தில் அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கவில்லை.

லிவர்பூல் துறைமுகத்தில் அன்றாடக் கூலிக்கு நின்ற தொழிலாளர்களின் நிலையை ஆராய்ந்து 1904இல் அறிக்கை வெளியிட்டார். வருமானம் நிலையில்லாதபோது முதலில் பட்டினி கிடப்பது தாயும் பிள்ளைகளும்தான் என்பதை இந்தக் களப்பணி அவருக்குக் காட்டியது. 1909இல் லிவர்பூல் மாநகராட்சி மன்றத்துக்குத் தேர்வான முதல் பெண் உறுப்பினரானார். 1919இல் மில்லிசென்ட் ஃபாசெட்டுக்குப் பின் தேசியப் பெண்ணுரிமைச் சங்கத்தின் தலைமையை ஏற்றார்.

சபையில் நுழைவு

1922இல் லிவர்பூலின் ஈஸ்ட் டாக்ஸ்டெத் தொகுதியில் தோற்ற அவர், 1929இல் ஒருங்கிணைந்த ஆங்கிலப் பல்கலைக்கழகங்கள் தொகுதியில் வென்றார். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லண்டன் தவிர்த்த இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களின் பட்டதாரிகள் அதன் வாக்காளர்கள். தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள். ஆண்களும் பெண்களும் ஒரே வயதுத் தகுதியில் வாக்களித்த முதல் பொதுத்தேர்தலும் 1929ஆம் ஆண்டின் அந்தத் தேர்தல்தான். அதில் பதினான்கு பெண்கள் சபைக்கு வந்தனர்.

கட்சிச் சார்பின்மை அவருக்குப் பேச்சுரிமையைத் தந்தது, அதிகாரத்தைத் தரவில்லை. கொறடாவுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை, ஆனால் அமைச்சராகும் வாய்ப்பும் இல்லை. எனவே கேள்வி நேரம், அனைத்துக் கட்சிக் குழுக்கள், அமைச்சர்களுக்கு அனுப்பும் விரிவான குறிப்புகள் ஆகியவற்றையே கருவியாகக் கொண்டார்.

குடும்ப உதவித்தொகை

முதல் உலகப் போரின்போது படைவீரர்களின் மனைவியருக்கு அரசு தந்த படியை லிவர்பூலில் வழங்கும் பணியை ராத்போன் முன்னின்று நடத்தினார். அந்தப் பணம் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்பக் கூடியது. மனைவியின் கைக்கே நேராகச் சென்றது. அமைதிக்காலத்திலும் இப்படி ஏன் தரக்கூடாது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 1924இல் வெளிவந்த ‘உரிமை பறிக்கப்பட்ட குடும்பம்’ என்னும் அவரது நூல்.

ஒரு மனைவியும் மூன்று குழந்தைகளும் கொண்ட குடும்பத்துக்குப் போதுமான கூலியை எல்லா ஆண்களுக்கும் தர வேண்டும் என்பது அன்றைய வழக்கமான கோரிக்கை. ராத்போன் அதன் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கினார். திருமணமாகாதவருக்கும் இல்லாத பிள்ளைகளுக்காகக் கூலி கிடைக்கும். ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டிலோ அதே கூலி பற்றாது. கூலி வேலைக்கானது, குடும்பச் சுமையை அது அளக்க முடியாது. ஆகவே பிள்ளை வளர்ப்புச் செலவைச் சமூகமே பகிர வேண்டும் என்றார். ஆண்தான் குடும்பத்தைத் தாங்குகிறான் என்ற காரணம் சொல்லிப் பெண்ணுக்குச் சமக்கூலியை மறுப்பதற்கும் அதன்பின் இடமிருக்காது என்றார்.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்தும் வந்தது. உதவித்தொகையைக் காட்டி முதலாளிகள் கூலியைக் குறைப்பார்கள் என்று தொழிற்சங்கங்கள் அஞ்சின; 1930இல் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைமை இத்திட்டத்தை ஏற்க மறுத்தது. ஆகவே ராத்போன் வேறு வழிகளை நாடினார். 1934இல் குழந்தைகளின் குறைந்தபட்சத் தேவைகளுக்கான குழுவை அமைத்து, பள்ளிகளில் பாலும் உணவும், குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு வாடகைச் சலுகையும் கேட்டார்.

இரண்டாம் உலகப் போர் நிலைமையை மாற்றியது. விலைவாசி ஏறாமல் குடும்பங்களைக் காக்கும் வழியாகப் பொருளியலாளர் கெயின்ஸ் 1940இல் இத்திட்டத்தை ஆதரித்தார். ராத்போனின் நூலைப் படித்து மனம் மாறியிருந்த வில்லியம் பெவரிட்ஜ், 1942ஆம் ஆண்டின் புகழ்பெற்ற சமூகப் பாதுகாப்பு அறிக்கையில் குழந்தைகளுக்கான உதவித்தொகையை அடிப்படை நிபந்தனைகளுள் ஒன்றாக வைத்தார்.

1945இல் அரசு கொண்டுவந்த மசோதா பணத்தைத் தந்தைக்கே உரியதாக்கியது. மார்ச் மாதம் நடந்த இரண்டாம் வாசிப்பில், இந்தப் பிரிவு நீடித்தால் தன் வாழ்நாள் உழைப்பின் பலனான மசோதாவுக்கு எதிராகவே வாக்களிப்பேன் என்று ராத்போன் எச்சரித்தார். பெண்கள் அமைப்புகளும் பல கட்சி உறுப்பினர்களும் அவருடன் நின்றனர். அரசு இறங்கிவந்து, இதனை உறுப்பினர்களின் விருப்ப வாக்குக்கு விட்டது. பணம் தாய்க்கே என்று மசோதா திருத்தப்பட்டது. 1945 ஜூனில் சட்டமான இத்திட்டம், முதல் குழந்தையைத் தவிர்த்து மற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 5 ஷில்லிங் வழங்கியது. முதல் தொகை 1946 ஆகஸ்டில் தாய்மாரைச் சேர்ந்தது; அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

கென்யாவும் இந்தியாவும்

1929 டிசம்பரில் குடியேற்ற நாடுகள் பற்றிய விவாதத்தில், கென்யாவின் கிகுயு மக்களிடையே நிலவிய பெண்ணுறுப்புச் சிதைப்பைச் சக உறுப்பினரான அத்தால் சீமாட்டியும் ராத்போனும் எழுப்பினர். பூர்வகுடிகளின் நலனுக்குப் பொறுப்பேற்பதாகச் சொல்லும் அரசு, அவர்களுள் பாதியான பெண்களையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது ராத்போனின் வாதம்.

இந்தியாவைப் பற்றிய அவரது அக்கறை காதரின் மேயோவின் ‘மதர் இந்தியா’ நூலால் தூண்டப்பட்டது. 1929இல் லண்டனில் அவர் கூட்டிய மாநாட்டில், இந்தியப் பெண்களின் சிக்கல்களை அவர்களைக் கேளாமல் பேசுவது ஏன் என்று தன்வந்தி ராமராவ் எதிர்ப்புத் தெரிவித்தார். பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் ஏட்டளவில் நிற்பதாக ராத்போன் தொடர்ந்து குறைகூறினார். 1934இல் குழந்தை மணம் குறித்து நூலும் எழுதினார்.

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தை முன்னிட்டு 1932இல் அவர் இந்தியா வந்தார். சொத்துத் தகுதியை மட்டும் பார்த்தால் பெண் வாக்காளர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். ஆகவே சொத்துள்ளவரின் மனைவிக்கு வாக்கும் சட்டமன்றங்களில் ஒதுக்கீடும் வேண்டும் என்றார். அவருடன் கடிதத் தொடர்பில் இருந்த ராதாபாய் சுப்பராயன் ஒதுக்கீட்டை ஆதரித்தார். முத்துலட்சுமி ரெட்டி உள்ளிட்ட பெண்ணியக்கத் தலைவர்களோ வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கேட்டு, ஒதுக்கீட்டை மறுத்தனர். சட்டம் நிறைவேறியபோது வாக்குரிமை பெற்ற பெண்கள் சுமார் 60 லட்சம் பேர்.

இந்த உறவின் கசப்பான கட்டம் 1941இல் வந்தது. போரில் ஒத்துழைக்க மறுத்த இந்தியத் தலைவர்களைக் கண்டித்து ராத்போன் திறந்த மடல் எழுதினார். நோய்ப்படுக்கையிலிருந்த ரவீந்திரநாத் தாகூர் அந்த ஜூனில் கடுமையான மறுப்பு வெளியிட்டார். ஒடுக்கப்பட்டவர்களுக்காகப் பேசிய ஒருவர், பேரரசே ஒடுக்குமுறையாக இருப்பதை முழுமையாகக் காணத் தவறினார் என்பதே இந்தியத் தரப்பின் நியாயமான குற்றச்சாட்டு.

வெளியுறவு விவாதங்கள்

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே, 1933 ஏப்ரலில், அவரால் விளையப்போகும் ஆபத்தைச் சபையில் எச்சரித்தவர் ராத்போன். அபிசீனியாமீது படையெடுத்த இத்தாலியின் மீதான தடைகளைத் தளர்த்துவதை எதிர்த்தார். 1937 ஏப்ரலில் அத்தால் சீமாட்டி, எலன் வில்கின்சன் ஆகிய சக உறுப்பினர்களுடன் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்குச் சென்றார். ஜெர்மனியும் இத்தாலியும் கிளர்ச்சிப் படைத் தலைவர் ஃபிராங்கோவுக்கு ஆயுதம் வழங்கும்போது, குடியரசு அரசுக்கு மட்டும் ஆயுதத்தை மறுப்பது நடுநிலை அன்று என்று சபையில் வாதிட்டார். 1938இல் செக்கோஸ்லோவாக்கியாவின் நிலப்பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் உடன்பாட்டையும் எதிர்த்தார்.

அகதிகளின் உறுப்பினர்

மியூனிக்குக்குப் பின் அகதிகளுக்கான நாடாளுமன்றக் குழுவை உருவாக்கி, அதன் செயலாளராக உழைத்தார். 1940 கோடையில் எதிரிநாட்டவர் என்று சுமார் 27,000 பேர் தடுப்புக் காவலில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஹிட்லரிடமிருந்தே தப்பி வந்த யூதர்கள். லிவர்பூல் அருகிலிருந்த ஹைட்டன் முகாமை ராத்போன் நேரில் பார்த்தார். முதியோர், நோயாளிகள், பிரிக்கப்பட்ட குடும்பங்கள் எனத் தனித்தனி நேர்வுகளைக் கேள்வி நேரத்தில் அடுக்கினார். சபையின் அழுத்தத்தால் விடுவிப்பு படிப்படியாகத் தொடங்கியது.

ஐரோப்பிய யூதர்கள் திட்டமிட்டு அழிக்கப்படுவதை 1942 டிசம்பரில் அரசு சபையில் அறிவித்தது. உறுப்பினர்கள் எழுந்து நின்று மௌனம் காத்தனர். மௌனம் போதாது என்பதே ராத்போனின் நிலை. 1943 மார்ச்சில் நாஜிக் கொடுமையிலிருந்து மீட்பதற்கான தேசியக் குழு அமைந்ததில் முன்னின்றார். நுழைவு அனுமதி விதிகளைத் தளர்த்துவது, அகதிகளை ஏற்கும் நடுநிலை நாடுகளுக்குப் பொறுப்புறுதி தருவது போன்ற செயல்திட்டத்தை அக்குழு முன்வைத்தது. ஏப்ரலில் நடந்த பெர்முடா மாநாடு ஏறக்குறைய வெறுங்கையுடன் கலைந்தது. மே 19 விவாதத்தில் அரசின் தயக்கத்தை அவர் நேருக்கு நேர் சாடினார். அதிக அகதிகள் வந்தால் யூத வெறுப்பு வளரும் என்ற உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசனின் வாதத்தை அவர் ஏற்கவில்லை. கொள்கை மாறவில்லை, ஆனால் செய்திருக்கக்கூடியது என்ன என்பது அவரால் சபைக் குறிப்பேட்டில் பதிவாயிற்று.

மதிப்பீடு

அலங்காரப் பேச்சு ராத்போனின் பலமன்று. புள்ளிவிவரம், சட்டப்பிரிவு, பாதிக்கப்பட்டவரின் நேரடி நிலை ஆகியவற்றைச் சேகரித்து, பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்பதே அவரது முறை. அவர் வருவதைக் கண்டால் துணை அமைச்சர்கள் வேறு வழியாக நழுவுவார்கள் என்று சமகாலத்தவர் எழுதியுள்ளனர்.

பட்டதாரிகளுக்குக் கூடுதல் வாக்குரிமை அளித்த பல்கலைக்கழகத் தொகுதிகள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. மக்களாட்சிக்கு அது தேவையான திருத்தமே. எனினும் சலுகையால் கிடைத்த அந்த இருக்கையை, வாக்கே இல்லாத குழந்தைகளுக்கும் நாடிழந்த அகதிகளுக்கும் உரியதாக்கியது ராத்போனின் தனிச்சிறப்பு. அவர் வாதாடிப் பெற்ற உதவித்தொகை 1970களின் பிற்பகுதியில் முதல் குழந்தைக்கும் விரிந்த குழந்தை நலத்தொகையாக மாறி, பிரிட்டனில் இன்றும் தொடர்கிறது.