உரோமையின் பூனைக்காரிகள்



உரோமை நகரின் நடுவே லார்கோ தி தோரே அர்ஜெந்தினா என்றொரு சதுக்கம் இருக்கிறது. சுற்றிலும் பேருந்துகளின் இரைச்சல். சாலையோரக் கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தால், பள்ளத்தில் நான்கு பழங்காலக் கோவில்களின் இடிபாடுகள் தெரியும். கி.மு. 44 மார்ச் 15 அன்று யூலியுஸ் சீசர் குத்திக் கொல்லப்பட்ட மன்றத்தின் எச்சமும் அங்கேதான் இருக்கிறது. அந்த உடைந்த தூண்களின்மேல் இன்று பூனைகள் வெயில் காய்கின்றன.

அவை எப்படி அங்கே வந்தன? 1926 முதல் 1929 வரை, முசோலினியின் ஆட்சியில், அங்கிருந்த வீடுகளை இடித்துத் தோண்டினார்கள். பழைய கோவிலொன்றின்மேல் எழும்பியிருந்த புனித நிக்கோலாஸ் ஆலயமும் அதில் போயிற்று. மனிதர் வெளியேறிய பள்ளத்தில் நாதியற்ற பூனைகள் குடியேறின. அவற்றுக்குச் சோறு போடப் பெண்கள் வந்தார்கள். இத்தாலியர் அவர்களைக் 'கத்தாரே' என்பார்கள். நம் பேச்சில் சொன்னால், பூனைக்காரிகள். கொஞ்சம் கேலியும் கலந்த பெயர்தான்.

கிறிஸ்தவ ஐரோப்பா பூனையை ஒரே கண்ணால் பார்த்ததில்லை. 1233இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி எழுதிய ஒரு மடலில், பேய் வழிபாடு எனக் குற்றம் சாட்டப்பட்ட சடங்கின் விவரிப்பில் கறுப்புப் பூனை வருகிறது. இதனால்தான் பூனைகள் அழிக்கப்பட்டு, எலிகள் பெருகி, கொள்ளைநோய் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அதற்குச் சான்று இல்லை; பூனைகளைக் கொல்லும்படி அம்மடல் கட்டளையிடவும் இல்லை. ஆனால் கொடுமையே நடக்கவில்லை என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஈப்பர் நகரில் மணிக்கூண்டின் உச்சியிலிருந்து உயிருள்ள பூனைகளைக் கீழே எறிந்தார்கள். அதை மக்கள் கூடி வேடிக்கை பார்த்தார்கள். 1817இல்தான் அது நின்றது.

அடுத்த சில ஆண்டுகளில் வத்திக்கானில் வேறொரு காட்சி. திருத்தந்தை பன்னிரண்டாம் லியோ ஒரு பூனைக்குட்டியைத் தம் அங்கியின் மடிப்பில் வைத்து வளர்த்தார். 1829இல் அவர் இறந்ததும் பிரெஞ்சுத் தூதரும் எழுத்தாளருமான ஷத்தோபிரியான் அதைப் பெற்றுக்கொண்டு, பாரிசுக்கு எடுத்துச் சென்றார். திருத்தந்தையின் பூனைக்கு ஆள் கிடைத்தது. தெருப்பூனைக்கு யார்?

1990களின் இறுதியில் நான் இறையியல் படிக்க உரோமையில் இருந்தேன். ஒரு மழைநாளில், அந்தச் சதுக்கத்தின் படிகளில் வயதான அம்மா ஒருவர் குடையைப் பூனைகளுக்குப் பிடித்துக்கொண்டு, தாம் நனைந்துகொண்டிருந்தார். 'வேறு வேலை இல்லாதவர்' என்று நினைத்தபடி நான் கடந்து போனேன்.

அவர்கள் செய்த வேலை எனக்குப் பின்னால்தான் புரிந்தது. சோறு மட்டும் போட்டால் பூனை பெருகும். ஐந்தாறு மாதத்திலேயே பெண்குட்டி சினைப்படும். ஒன்பது வாரத்தில் ஈனும். பிறப்பதில் பல குட்டிகள் பசியிலும் நோயிலும் சாகும். ஆகவே, 1990களில் சாலைக்கு அடியில், குகை போன்ற ஈர அறையில் காப்பகம் நடத்திய பெண்கள், பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து, மறுபடி அங்கேயே விட்டார்கள். சுற்றுலாப் பயணிகளிடம் கையேந்திச் செலவைச் சமாளித்தார்கள். வளர்க்க முன்வந்தவர்களுக்குக் குட்டிகளைக் கொடுத்தார்கள்.

சட்டமும் அவர்கள் பக்கம் இருந்தது. 1991 ஆகஸ்டு 14ஆம் நாளிட்ட இத்தாலியச் சட்டம் எண் 281, வெளியில் வாழும் பூனைகளைத் துன்புறுத்தக் கூடாது என்கிறது. கருத்தடை செய்தபின் அவற்றைப் பழைய கூட்டத்திலேயே விட வேண்டும். கடும் நோயோ தீராத நோயோ உள்ளவற்றைத் தவிர எதையும் கொல்லக் கூடாது.

2012இல் தொல்லியல் துறையினர் காப்பகத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். பழங்கோவிலின் பகுதிமேல் அது இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள், காப்பகம் நிலைத்தது. 2023இல் பார்வையாளருக்காக அங்கே நடைபாதை திறந்தபோதும் பூனைகள் வெளியேற்றப்படவில்லை.

இதையெல்லாம் நான் படித்தது ஒரு குற்ற உணர்வால். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆலயத்தின் பின்புறம் நான்கு பூனைக்குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. திருப்பலிக்கு இடைஞ்சல் என்று, கோவில்பிள்ளையிடம் சொல்லிச் சாக்கில் கட்டி மார்க்கெட்டில் விடச் செய்தேன். மறுநாள் காலை, மீன்தலையோடு வந்த ஒரு பாட்டி கேட்டார்: "குட்டிங்க எங்க சாமி? தாய்ப்பூனை ராத்திரி பூரா தேடுதே."

நான் மார்க்கெட்டுக்குப் போனேன். ஒன்றுதான் கிடைத்தது.

சிட்டுக்குருவி ஒன்றுகூடத் தந்தைக்குத் தெரியாமல் விழுவதில்லை என்று மேடையில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அன்பு நேயர்களே, குட்டிகளைக் கண்டால் உடனே தூக்காதீர்கள். தாய் இரைதேடப் போயிருக்கலாம், தள்ளி நின்று பாருங்கள். சாக்கில் கட்டி வேறிடத்தில் விடாதீர்கள். நாலு வீட்டார் சேர்ந்தால் ஒரு பூனைக்குக் கருத்தடை செய்யும் செலவு பெரிதல்ல. எங்கள் பங்கில் அந்தப் பாட்டிதான் முதல் நூறு ரூபாய் கொடுத்தார்.

இறைவன் உங்களையும், உங்களை நம்பி வாசலில் நிற்கும் உயிர்களையும் காப்பாராக. ஆமென்.