ஜிம்மில் தூக்கும் பாரம் மைதானத்தில் கோலாகுமா?



கொஞ்சம் நீண்ட பதிவு. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வர இருப்பவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டு வந்தால் நல்லது.

விடயம் உங்களுக்குத் தெரியும். கட்டாரில் இருக்கும் நமது பழைய மாணவர்கள் பாடசாலை உதைபந்தாட்ட அணிக்கென்று ஒரு தொகை சேர்த்திருக்கிறார்கள். அதில் ஜிம் போடுவதா, மைதானத்தைத் திருத்துவதா என்பதுதான் இப்போது பேச்சு. "நம்ம பொடியன்மார் பந்தில தோற்கல்ல சேர், உடம்பிலதான் தோத்தாங்க" என்று ஒரு வாப்பா என்னிடம் சொன்னார். அது பொய்யில்லை. போன மாகாணப் போட்டியில் நானும் கோட்டுக்கு வெளியே நின்றவன். தோளோடு தோள் மோதிய நேரமெல்லாம் நம் பிள்ளைகள்தான் விழுந்தார்கள்.

ஆனால் விழாமல் நின்றிருந்தால் வென்றிருப்பார்களா? நான் வரலாறு படிப்பிக்கிறவன். இந்தக் கேள்வி நமக்குப் புதிது, உலகத்துக்குப் பழையது. அந்தப் பழைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் நம் கடலிலிருந்தே தொடங்குகிறேன். அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில் கீழக்கரை முஸ்லிம்களும் அரபிகளும் இங்கே குளிக்க வந்தார்கள். 1905 இல் பெரும் சலாபம் நடந்தது. 1925 உடன் அந்தக் காலமே முடிந்தது. குளியாளி ஒரு கல்லைக் காலில் பிடித்துக்கொண்டு ஐந்து பாகம், பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார். ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்குவார். மேலே வள்ளத்தில் நிற்பவர் கயிற்றை இழுத்து அவரை ஏற்றுவார். கை பலம் வேண்டியது கயிறு இழுப்பவருக்கு. மூச்சும் பதற்றமில்லாத மனமும் வேண்டியது குளிப்பவருக்கு. வள்ளத்தில் இருந்த பெரிய புஜக்காரரைக் கடலில் இறக்கினால் முத்து வந்திராது. அவர் இல்லாவிட்டால் குளித்தவரும் மேலே வந்திருக்க மாட்டார். பலம் தேவைதான். எந்த வேலைக்கு எந்தப் பலம் என்பதுதான் கேள்வி.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். இன்று அங்கே கல்லூரி அணிகளுக்கு மாளிகை மாதிரி ஜிம்கள் இருக்கின்றன. எழுபது, எண்பது வருடத்துக்கு முன்னால் நிலைமை நேர்மாறு. பாரம் தூக்கினால் தசை இறுகும், ஆள் மந்தமாவான் என்று பயிற்றுவிப்பாளர்களே தங்கள் வீரர்களைத் தடுத்தார்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில், அதாவது 1891 இல் கூடைப்பந்தாட்டம் பிறந்த அதே கல்லூரியில், பீட்டர் கார்போவிச் என்ற உடற்தொழிலியல் ஆசிரியரும் அப்படித்தான் நம்பினார். 1940 இல் பாரம் தூக்கும் வீரர்கள் சிலர் அங்கே வந்து செய்து காட்டினார்கள். கார்போவிச் எழுந்து, "உங்கள் முதுகின் நடுவைச் சொறிந்து காட்ட முடியுமா?" என்று ஜோன் கிரிமெக் என்ற பெரும் தசைக்காரரைக் கேட்டார். கிரிமெக் எளிதாகச் சொறிந்து காட்டினார். பிறகு இரண்டு காலையும் விரித்துத் தரையோடு இருந்தும் காட்டினார். மண்டபமே சிரித்தது.

கார்போவிச்சிடம் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு அவர் செய்தது. வெட்கப்பட்டு ஒதுங்கவில்லை, அளந்து பார்த்தார். பாரம் தூக்குகிற 300 பேரும் தூக்காத 300 பேரும் கையை எவ்வளவு வேகமாகச் சுழற்றுகிறார்கள் என்று அவரும் அவருடைய மாணவர் சோர்பாஸும் கணக்கெடுத்து 1951 இல் வெளியிட்டார்கள். தூக்குகிறவர்கள்தான் வேகமானவர்கள் என்று வந்தது. தன் நம்பிக்கைக்கு எதிரான முடிவைத் தானே அச்சிட்ட மனிதர். ஆசிரியர்களாகிய நாம் படிக்க வேண்டிய பாடம் அதுவும்தான்.

பிறகு லூசியானா மாநிலத்தில் இஸ்ட்ரூமா என்ற உயர்நிலைப் பாடசாலை. 1954 இல் பக்கத்துப் பாடசாலையிடம் தோற்ற பிறகு, அல்வின் ரோய் என்பவர் சொல்லி அணிக்குப் பாரப் பயிற்சி தொடங்கினார்கள். 1955 இல் ஒரு போட்டியும் தோற்காமல் மாநிலச் சம்பியன். அந்த அணியின் பில்லி கனோன் பிறகு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த அணி 1958 இல் தேசியச் சம்பியன் ஆனது. 1969 இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் பொய்ட் எப்லி என்ற இளைஞரைப் பலப் பயிற்சிக்கென்றே சம்பளத்துக்கு எடுத்தது. "ஒருத்தனாவது மந்தமானால் உனக்கு வேலை இல்லை" என்ற எச்சரிக்கையோடுதான் எடுத்தார்கள். 1970, 1971 இரண்டு வருடமும் நெப்ராஸ்கா சம்பியன்.

இத்தோடு நிறுத்தினால் "அப்ப ஜிம் போடுங்க" என்பீர்கள். இரண்டு விடயத்தைக் கவனியுங்கள். ஒன்று, அது அமெரிக்கக் கால்பந்து. ஒவ்வொரு ஆட்டத் துண்டும் உடம்போடு உடம்பு மோதித்தான் தொடங்கும். நம் உதைபந்தாட்டம் அப்படியல்ல. இரண்டு, அங்கேயே கூட தூக்கும் எண்ணிக்கையை வைத்து ஆளைக் கணிக்க முடியவில்லை. தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைப் படுக்க வைத்து 225 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 102 கிலோ பாரத்தை எத்தனை தடவை தள்ளுகிறார்கள் என்று எண்ணுவார்கள். அந்த எண்ணுக்கும் பின்னாளில் அவர்கள் ஆடிய ஆட்டத்துக்கும் பெரிய தொடர்பில்லை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 2000 ஆம் ஆண்டுத் தெரிவில் 199 ஆவது ஆளாக எடுக்கப்பட்ட, ஓட்டத்தில் மந்தமான டொம் பிராடிதான் ஏழு சம்பியன் கிண்ணங்களை வென்றார்.

இப்போது நம் பக்கம். 1911 இல் கல்கத்தாவில் மோகன் பகான் அணி கிழக்கு யோர்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயம் எடுத்தது. எதிரணி சப்பாத்துப் போட்ட பட்டாளத்தார். மோகன் பகானில் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் வெறுங்கால். 1934 இல் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் லீக் கிண்ணத்தை வென்ற முதல் இந்திய அணியானது. 1938 வரை ஐந்து வருடம் தொடர்ந்து விடவில்லை. அவர்களிடம் ஒரு புத்தி இருந்தது. மழை பெய்து தரை வழுக்கினால் சப்பாத்துப் போடுவார்கள். வெறுங்கால்தான் வீரம் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை.

அந்தப் பிடிவாதத்தின் விலை 1952 இல் தெரிந்தது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிரில், யூகோஸ்லாவியா இந்தியாவை 10-1 என்று தோற்கடித்தது. பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். திறமை இருந்தும் உடம்பும் தயாரிப்பும் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

அந்த அணியின் பயிற்றுவிப்பாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த செய்யத் அப்துல் ரஹீம். தொழிலால் பாடசாலை ஆசிரியர். இந்தப் பதிவை எழுத என்னைத் தூண்டியவரே அவர்தான். பொடியன்மாரின் பலவீனமான காலைப் பழக்க, அந்தக் காலால் மட்டும் ஆடும் போட்டி வைத்தார். பந்தை வைத்துக்கொண்டு வெட்டி ஆடக் கூடாது, உடனே கொடுக்க வேண்டும் என்றும் போட்டி வைத்தார். உடல் தகுதியில் கண்டிப்பானவர், ஆனால் எந்தப் பயிற்சியும் பந்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் அதைவிடக் கண்டிப்பு. நாலே வருடத்தில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், அவுஸ்திரேலியாவை 4-2 என்று வென்று இந்தியா நாலாம் இடம் பிடித்தது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜர்னைல் சிங் என்ற பலசாலிப் பின்கள வீரருக்குத் தலையில் காயம், தையல் போட்டிருந்தது. ரஹீம் அவரை வெளியே வைக்கவில்லை. முன்களத்துக்கு மாற்றினார். இறுதிப் போட்டியில் தென் கொரியாவை 2-1 என்று வென்றபோது ஒரு கோல் ஜர்னைலுடையது. பலம் அவருடையது, அதை எங்கே வைப்பது என்ற அறிவு ஆசிரியருடையது. அப்போதே புற்றுநோயால் வருந்திக்கொண்டிருந்த ரஹீம் அடுத்த வருடம் ஜூனில் காலமானார். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக.

2004 இல் வந்த ஒரு நோர்வே ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். ரோசன்போர்க் கழகத்தின் 17 வீரர்களை அளந்தார்கள். தோளில் பாரத்தோடு குந்தி எழும்பும் பலம் கூடியவர்கள் முதல் 10 மீற்றரை வேகமாக ஓடினார்கள், உயரமாகவும் பாய்ந்தார்கள். ஆக, கால் பலம் ஓட்டத்துக்கு உதவுகிறது. ஆனால் அவர்கள் ஏற்கெனவே பந்து தெரிந்தவர்கள். பந்தை நிறுத்தத் தெரியாதவன் 10 மீற்றர் வேகமாக ஓடினால் வேகமாகப் பிழை விடுவான், அவ்வளவுதான்.

இனி நம் பிள்ளைகள். என் வகுப்பில் ஒருவன் இடைவேளைச் சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்துப் பவுடர் டின் வாங்குகிறான். கண்ணாடியில் தெரியும் நெஞ்சுக்கும் கைக்கும்தான் பயிற்சி, காலுக்கு இல்லை. அவனை நான் குறை சொல்லவில்லை. நாம் வேறு வழி காட்டவில்லை.

மைதானத்தையும் நினைத்துப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் நம்மை வெளியேற்றியபோது என் வாப்பா அந்த மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த பொடியன். திரும்பி வந்தபோது அங்கே பற்றைக்காடு. வெட்டித் துப்புரவாக்கினோம், ஆனால் சமப்படுத்தவில்லை. இன்றும் பந்து குழியில் பட்டுத் திசை மாறுகிறது. அந்தத் தரையில் எந்தப் பிள்ளை பந்தை நிறுத்தப் பழகுவான்?

ஆகவே என் கருத்து இது. முதல் காசு மைதானத்துக்கு. இரண்டாவது, தகுதியுள்ள ஒரு பயிற்றுவிப்பாளருக்கும், பயிற்சி நாளில் முட்டை, கடலை, பாலுக்கும். மிச்சத்தில் ஒரு பார்பெல், சில தட்டுகள், குந்தி எழும்ப ஒரு தாங்கி. விலையுயர்ந்த இயந்திரம் ஒன்றும் வேண்டாம். முறை தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால், அளவான பாரம் வளரும் பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்யாது. ஆள் இல்லாமல் அறையைத் திறந்து விடுவதுதான் ஆபத்து.

கட்டார் சகோதரர்கள் இதைத் தவறாக எடுக்க வேண்டாம். உங்கள் வியர்வைக் காசு. படம் எடுத்துப் போட ஜிம் அழகாக இருக்கும், சமப்படுத்திய தரை படத்தில் ஒன்றுமாகத் தெரியாது. ஆனாலும் அடுத்த மாகாணப் போட்டிக்கு முன் நமக்கு முதலில் தேவை அதுதான்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். கார்போவிச் மாதிரி நானும் பிழை என்று தெரிந்தால் ஒத்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.