தறி நின்ற நாள்கள்: திருச்செங்கோட்டு வட்டாரத்தில் ஓய்வின் வரலாறு

திருச்செங்கோடும் அதையடுத்த பள்ளிபாளையம், குமாரபாளையம் முதலிய ஊர்களும் இன்று விசைத்தறிக்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர் பெற்றவை. இரண்டுமே இரவு பகல் பாராமல் ஓடும் தொழில்கள் என்பதால், உழைப்புக்கு அஞ்சாத மண் என்ற பெருமை இவ்வட்டாரத்துக்கு எளிதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் தறிக்கு மின்சாரம் வருவதற்கு முன்பு, வேலை செய்வதற்கு எவ்வளவு கறாரான முறை இருந்ததோ அவ்வளவு கறாரான முறை வேலையை நிறுத்துவதற்கும் இவ்வூர்களில் இருந்தது.

கைத்தறி நெசவாளரிடையே அம்முறையின் நடுநாயகமாக விளங்கியது அமாவாசை. தமிழகத்து நெசவூர்கள் பலவற்றிலும் அன்று தறியில் உட்காரும் வழக்கமில்லை. தச்சரும் பிற கைவினைஞரும்கூட அந்நாளில் கருவியைத் தொடாதிருப்பதுண்டு. தெலுங்கும் கன்னடமும் பேசும் நெசவுச் சமூகத்தாரான தேவாங்கர், தங்கள் குலமுதல்வராகக் கருதும் தேவல முனிவரை அசுரரிடமிருந்து காக்கச் சௌடேசுவரி அம்மன் தோன்றிய நாள் அதுவென்று காரணம் கூறுவர். பிறருக்கு அது முன்னோருக்குப் படைக்கும் நாள். குழித்தறி என்பது தரையில் தோண்டிய குழிக்குள் காலை இறக்கி மிதியை மிதித்து நெய்யப்படுவது. நாளெல்லாம் குனிந்த முதுகோடும் ஓயாத காலோடும் நெய்தவருக்கு, சாத்திரம் எந்தக் காரணத்தைச் சொன்னாலும், கிடைத்தது உடல் நிமிரும் ஒரு நாள்.

நெசவாளர் பெற்றதோ நெய்த அளவுக்கான கூலிதான். வேலை நின்றால் வருமானமும் நிற்கும். அப்படியிருந்தும் அமாவாசை விடுப்பு தலைமுறைகளாக நிலைத்ததற்குக் காரணம், தெரு முழுவதும் ஒரே நாளில் தறியை நிறுத்தியதால் ஒருவர் ஓய்ந்திருக்க மற்றவர் முந்திவிடும் போட்டிக்கு இடமில்லாமற்போனதும், நூல் கொடுத்துத் துணி வாங்கும் வியாபாரியும் அந்நாளைக் கழித்தே கணக்கிட்டதும் ஆகும். தனியொருவரின் ஓய்வு கூலியிழப்பு. ஊரே சேர்ந்து எடுத்த ஓய்வோ வழக்கம் என்ற காப்பைப் பெற்றிருந்தது. இந்தக் காப்பு எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தந்த பெண்களுக்கு அமாவாசையன்று தார் சுற்றும் வேலை இல்லை. ஆனால் வீடு மெழுகுவதும் படையலுக்குச் சமைப்பதும் அன்றுதான் கூடுதல்.

உழவிலும் ஓய்வு நேரே மனிதருக்கென்று வகுக்கப்படவில்லை. கொங்கு நாட்டுப் புன்செய்களில் கிணற்றுநீரை எருதுகள் இழுக்கும் தோற்பையால் இறைத்தனர். கவலை என்றழைக்கப்பட்ட அந்த இறைப்பு பட்டிப்பொங்கலன்று நின்றது. மாட்டை நுகத்தில் பூட்டக் கூடாது என்பதே விதி. மாடு ஓய்ந்ததால் ஆளும் ஓய்ந்தார். வைகாசி விசாகத்தையொட்டி அர்த்தநாரீசுவரர் மலையிலிருந்து ஊருக்குள் இறங்கித் தேரேறும் நாள்களில் வேலை நின்றதும் இவ்வகையே. அது சாமிக்கான நாள். கருவிக்கும் கால்நடைக்கும் கடவுளுக்கும் உரியதாக வைக்கப்பட்ட நாள்களின் நிழலிலேயே உழைப்பாளி ஓய்வு பெற்றார் என்பது இவ்வட்டாரத்து வழக்கங்களை ஒருங்கே நோக்குங்கால் புலப்படுகிறது.

இராசாசி 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியபோது, காலத்தைப் பற்றிய வேறொரு நோக்கும் உடன் வந்தது. உழவு இல்லாத மாதங்களில் ஊரார் சும்மா இருப்பது நாட்டின் வறுமைக்குப் பெருங்காரணம், அக்காலத்தை இராட்டை நிரப்ப வேண்டும் என்பது காந்தியின் வாதம். மழை பொய்த்த கிராமத்தில் நூற்புக்கூலி ஒருவேளைச் சோறாக இருந்ததனால் அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பசியோடு சும்மா இருப்பது ஓய்வாகாது. எனினும் வெறுமையாகக் கிடக்கும் நேரம் பயனுக்குத் திருப்பப்பட வேண்டிய நேரம் என்ற கருத்தை இவ்வூர்களுக்குள் கொண்டுவந்தவர்கள் முதலாளிகள் மட்டுமல்லர் என்பது கவனிக்கத்தக்கது. ஆசிரமத்திலிருந்து கல்கியின் துணையோடு இராசாசி நடத்திய மதுவிலக்கு இதழான 'விமோசனம்', பின்னர் அவர் சென்னை மாகாணப் பிரதமராகி 1937 அக்டோபர் 1-இல் நாட்டிலேயே முன்னோடியாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்திய மதுவிலக்கு ஆகியவை, வேலை முடிந்த மாலைப் பொழுதையும் சீர்திருத்தத்தின் எல்லைக்குள் கொண்டுவந்தன. திருச்செங்கோடு அப்போது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது.

பழைய முறையை உண்மையில் குலைத்தது விசைத்தறி. கைத்தறியில் நெய்பவர் நிறுத்தினால் தறி நின்றது; விசைத்தறியிலோ ஒருவர் வீட்டுக்குப் போனாலும் அடுத்தவர் வந்து அதே தறியை ஓட்டலாம். கடன் வாங்கித் தறி போட்டவருக்கு வட்டி அமாவாசை பார்ப்பதில்லை. ஆகவே பன்னிரண்டு மணி நேர ஷிப்டுகள் இரண்டாகி, கருவியின் ஓய்வும் ஆளின் ஓய்வும் தனித்தனியாகப் பிரிந்தன. குமாரபாளையத்துத் தறிப்பட்டறைகளை ஆராய்ந்த மானிடவியலாளர் கீர்ட் டி நேவ், தொழிலாளர் பட்டறைக்காரரிடம் பெறும் முன்பணமான 'பாக்கி' அவர்களைப் பட்டறையோடு பிணைத்துவைப்பதை விரிவாக எழுதியுள்ளார். பாக்கியுள்ளவர் தன் விருப்பப்படி ஒரு நாள் நிற்பது எளிதன்று. 2012-ஆம் ஆண்டையொட்டித் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டில் தறிகள் பல மணி நேரம் நின்றனவே, அது ஓய்வாகவில்லை. மின்சாரம் எப்போது வருமென்று பட்டறையிலேயே காத்திருக்க வேண்டியிருந்தது, கூலியும் இல்லை. கருவியே நின்றாக வேண்டும் என்ற பழைய விதி இன்று தடையின்றிச் செல்லுபடியாவது ஏறத்தாழ ஆயுத பூசையன்று மட்டுமே. அன்று தறிக்கும் ரிக் வண்டிக்கும் சந்தனமும் குங்குமமும் இடப்படுகின்றன.

வழக்கம் விட்ட இடத்தைச் சட்டம் நிரப்பியிருக்க வேண்டும். பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு நாராயண் மேகாஜி லோகண்டே 1890-இல் ஞாயிறு விடுமுறையைப் பெற்றுத் தந்தார். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் ஒரு விடுமுறை நாளையும் வரையறுத்தது. வேலை நேரத்தை 12 மணி வரை நீட்ட வழிவகுத்த திருத்த மசோதா 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே நாளில் திரும்பப் பெறப்பட்டது; அந்த வெற்றி பேசப்பட்டபோது, பல பட்டறைகளில் 12 மணி நேரம் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது அதிகம் கவனிக்கப்படவில்லை. அப்பட்டறைகளைச் சட்டம் எட்டவேயில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் மின்விசையைப் பயன்படுத்தும் இடங்களில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்று ஏற்றது. வீட்டை ஒட்டிச் சில தறிகளோடு ஓடும் பட்டறை அந்த எண்ணிக்கையை எட்டுவதில்லை. நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த வரம்பை இருபதாக உயர்த்தியுள்ளது.